சதுர அடிக் கணக்கில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீடு–மனைப் பக்கத்தில் சென்ற சனிக்கிழமை வெளியான கட்டுரை, சென்னைக்குள் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பதைவிடத் தாம்பரத்துக்குத் தெற்கே சொந்தமாக ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு குடிபோவதே நடுத்தரக் குடும்பங்களுக்கு உகந்தது என்று முடிந்திருந்தது. சதுர அடி விலையையும் மாதத் தவணையையும் வாடகையையும் அருகருகே வைத்துக் கட்டுரையாளர் போட்டுக்காட்டிய கணக்கில் எனக்குப் பிழை எதுவும் தென்படவில்லை. 2017ஆம் ஆண்டு இதே கணக்கை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நானும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கு மாம்பலத்திலிருந்து ஊரப்பாக்கத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தேன். ஏழு ஆண்டுகள் அங்கே சொந்த வீட்டில் இருந்துவிட்டு, 2024 ஜூன் மாதம் அதை வாடகைக்கு விட்டு, மறுபடியும் மாம்பலத்திலேயே ஒரு சிறிய வாடகை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். உறவினர்கள் இதைப் புத்தி கெட்ட வேலை என்கிறார்கள். இரண்டு இடங்களிலும் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் விடுபட்டவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஆரிய கௌடா சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், நான்கு போர்ஷன்கள் கொண்ட பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். வீட்டுக்காரர் காலமானபின் அவருடைய பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டுவதற்காகக் கட்டுநரிடம் ஒப்படைத்தார்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் உரிமையாளருக்குப் புதிய கட்டடத்தில் வீடுகள் கிடைக்கும், கட்டி முடியும் வரை வெளியே தங்குவதற்கு வாடகைப் பணமும் கிடைக்கும். குடியிருந்தவருக்குக் கிடைப்பது மூன்று மாத அவகாசமும் திருப்பித் தரப்படும் முன்பணமும் மட்டுமே. அதில் யார்மீதும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதில், அரசு வேலையில் ஓய்வுபெற ஐந்தே ஆண்டுகள் இருக்கும்போது, இன்னொரு முறை வாடகை வீடு தேடி அலையக் கூடாது என்ற வீம்பு வந்துவிட்டது. கையிலிருந்ததும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து முப்பத்தாறு லட்சம் தேறியது. அந்தத் தொகைக்கு அன்று மாம்பலத்தில் நானூறு சதுர அடி கிடைத்திருந்தால் அதிகம். ஊரப்பாக்கத்தில் தொள்ளாயிரம் சதுர அடியில் இரண்டு படுக்கையறை, பால்கனி, லிஃப்ட், வண்டி நிறுத்த இடம், கூடத்தில் ஊஞ்சல் மாட்டக் கொக்கி என்று அனைத்தும் கிடைத்தன.

அந்த வீட்டை நான் இன்றும் குறைத்துப் பேசமாட்டேன். வண்டலூர் உயிரியல் பூங்காவின் காடு பக்கத்திலேயே இருப்பதால் மார்கழி விடியலில் காற்று வேறு ஊர்க் காற்றாக இருக்கும். சில நாட்களில் சிங்கத்தின் உறுமல்கூடக் காதில் விழும். ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை, மீன் குழம்பு கொதிக்கும்போது சன்னலைச் சாத்த வேண்டியதில்லை. 2020இல் கொரோனாவால் ஊரே அடைந்து கிடந்த மாதங்களில், மாம்பலத்துப் பழைய போர்ஷனில் நாங்கள் நான்கு பேரும் என்ன பாடுபட்டிருப்போம் என்று நினைத்து நினைத்து, மொட்டைமாடியில் நடந்தபடி அந்த வீட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

சிக்கல் வீட்டில் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேருவதில் இருந்தது. ஊரப்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் இடையே அப்போது பன்னிரண்டு நிலையங்கள், மின்சார ரயிலில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதால்தான் குரோம்பேட்டையும் பல்லாவரமும் குடியிருப்புகளாக வளர்ந்தன; அந்தத் தடத்தின் அருமையை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகும் வண்டிக்காகக் காத்திருந்து, நெரிசலில் ஏறி, இறங்கியபின் ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை உட்கார்ந்திருந்து, ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் நெடுஞ்சாலையைக் கடந்து வீடு சேர்ந்தால்தான் பயணம் முடியும். விளம்பரத்தில் ‘ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ என்று இருந்தது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இருசக்கர வண்டியில் போனால் எட்டு நிமிடத்திலேயே போய்விடலாம்.

என் மனைவி நுங்கம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறார். மாம்பலத்திலிருந்தபோது காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பி, மாலை ஆறு ஐம்பத்தைந்துக்கெல்லாம் வீட்டில் இருப்பார். ஊரப்பாக்கத்திலிருந்து ஏழரைக்கே கிளம்பி, இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டுவார். நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம். மாதத்துக்கு இருபத்தைந்து வேலைநாள் என்று வைத்தால் அறுபது மணி நேரத்துக்கு மேல். இதில் நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான் கணக்குப் போட்டபோது இந்த மணி நேரத்துக்கு அதில் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. நேரம் போனது அவருடையது, கணக்குப் போட்டது நான். எட்டு மணிக்கு வந்து அடுப்படிக்குள் நுழையும் பெண்ணிடம் ‘வீடு எவ்வளவு விசாலம் பார்த்தாயா’ என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதை இப்போது எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

அம்மாவின் கதை வேறு. மாம்பலத்தில் அவர் தினமும் இரண்டு முறை வெளியே போவார். காலையில் ஸ்டேஷன் ரோடு காய்கறிக் கடைகளில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்து விலை பேசுவதும், மாலையில் காசி விசுவநாதர் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பதும் அவருடைய வழக்கம். வழியில் தையற்கடைக்காரர், மருந்துக் கடைப் பையன், பூக்காரம்மா என்று நின்று பேசப் பத்துப் பேர் இருந்தார்கள். இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. மருந்துக் கடைப் பையனுக்குத் தெரியும். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு நடைபாதை இல்லை, பாதி தூரம் தார் இல்லை, நாய்கள் இருந்தன, கடைத்தெருவுக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். மகனோ நானோ வண்டியில் கூட்டிப் போனால்தான் கோயில். மாம்பலத்தில் அம்மாவுக்கு ஆண்டுக்கு இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு தேயும். 2017 தீபாவளிக்கு வாங்கிய ஜோடியை, ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது அவர் கையில் எடுத்து வந்தார். அடிப்புறத்து வரிகள்கூட அழியவில்லை.

2022ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. 108 ஆம்புலன்ஸை அழைத்தோம். அந்தப் பகுதியில் ஒவ்வொரு மனைப்பிரிவும் ஒரு ‘நகர்’. ஒவ்வொரு நகரிலும் முதல் பிரதான சாலை, இரண்டாவது குறுக்குத் தெரு என்று அதே பெயர்கள். ஆம்புலன்ஸ் வேறொரு நகரின் இரண்டாவது குறுக்குத் தெருவுக்குப் போய் நின்றுவிட்டது. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவதற்குள் இருபது நிமிடம் கழிந்துவிட்டது. அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான், திரும்பிப் போய்விடலாமா என்று மனைவி முதன்முதலில் கேட்டார்.

அடுத்தது தண்ணீர். நாங்கள் இருந்த காலத்தில் ஊரப்பாக்கம் ஊராட்சியாகவே இருந்தது. எங்கள் குடியிருப்பு முழுக்க ஆழ்துளைக் கிணற்றை நம்பியே இருந்தது. குடிபோன இரண்டு மாதத்தில் குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்து, ஆறு மாதத்தில் ஷவரின் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டன. அதை ஊசியால் குத்திவிடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பணியாயிற்று. குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன். பாதாளச் சாக்கடை இல்லாததால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும்போதெல்லாம் லாரியை வரவழைக்க வேண்டும். அதற்கான செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறும். 2019 கோடையில் கிணறு காற்றை மட்டும் இழுத்தபோது, லாரித் தண்ணீரையும் சேர்த்துப் பராமரிப்புக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்து இருநூறுக்குப் போனது. அந்தக் கோடையில் நகரத்துக்குள் இருந்தவர்களும் நிம்மதியாக இல்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வற்றிப்போய், ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஆண்டு அது. இன்றைக்கும் எங்கள் மாம்பலம் வீட்டில் மெட்ரோ வாட்டர் முதலில் கொஞ்ச நேரம் கலங்கலாகத்தான் வருகிறது. ஒரு குடத்தைப் பிடித்துக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த குடத்தை வைக்கிறோம். ஆனாலும் குழாயில் உப்பு படிவதில்லை.

வெள்ளத்தைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்த ஒரே வாக்கியம், ‘தாழ்வான பகுதிகளைத் தவிர்ப்பது நல்லது’ என்பது. தாழ்வான பகுதி எது என்பதை வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வார்? நான் வீடு பார்க்கப் போனபோது விற்பனைப் பிரதிநிதி, ‘இங்க தண்ணியே நிக்காது சார்’ என்றார். தெருமுனை டீக்கடைக்காரரோ கடையின் இரண்டாம் படியைக் காலால் தட்டிக் காட்டி, 2015 டிசம்பரில் இதுவரை ஏறியது என்றார். நான் விற்பனைப் பிரதிநிதியை நம்பினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாம் மாடியிலிருந்து அம்மாவை இறக்க முடியவில்லை. பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அங்கீகார வரைபடம் எல்லாவற்றையும் வழக்கறிஞர் ஒருவர் வரிவரியாகப் பார்த்துச் சரி என்று சொன்ன வீடுதான் அது. அந்தத் தாள்கள் எதிலும், மழைக்கு அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஒரு பத்தி கிடையாது.

இதனால் நகரம் மேடு, புறநகர் பள்ளம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2021 நவம்பரில் தியாகராய நகரே மூழ்கியது. பெருமழை பெய்தால் முதலில் மூடப்படுவது எங்கள் துரைசாமி சுரங்கப்பாதைதான். மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை உண்டு. அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. தியாகராய நகரும் மாம்பலமும் 1920களில் நகரத்துக்கு வெளியே, நீண்டு கிடந்த பழைய ஏரியின் படுகையில் போடப்பட்ட புறநகர்கள். அன்றைக்கு மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்தவர்கள், ‘அவ்வளவு தூரம் போய் ஏரிக்குள் வீடு கட்டுகிறாயே’ என்று யாரையாவது கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இன்று அதுவே நகரத்தின் நடுப்பகுதி; சதுர அடி விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே புறநகருக்குப் போவதே தவறு என்றால் நானே இந்த ஊரில் இருக்க முடியாது. நூறு ஆண்டில் மாம்பலத்துக்கு ரயிலும் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் பள்ளியும் மருத்துவமனையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வீட்டுக் கடன் இருபது ஆண்டில் முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அவ்வளவு காலமும் இல்லை.

‘மாநகராட்சி எல்லைக்குள்’ என்ற சொற்களை விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தப்பட்டபோது அம்பத்தூர், வளசரவாக்கம், சோழிங்கநல்லூர் ஆகிய பகுதிகளும் அதற்குள் வந்தன. 2021இல் தாம்பரம் தனி மாநகராட்சியாயிற்று. அப்படி உள்ளே வந்த பகுதிகளில் இன்றும் லாரித் தண்ணீரை நம்பி வாழும் அடுக்ககங்கள் எத்தனையோ உள்ளன என்பது பழைய மகாபலிபுரம் சாலைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பெயர்ப்பலகை மாறும் வேகத்தில் குழாய் வந்து சேர்வதில்லை.

நகரத்தின் நடு என்பது எது என்பதிலும் குழப்பம் உண்டு. என் மகனுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக அவன் போய்வந்துகொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அதுதான் மையம், மாம்பலம் ஒரு மூலை. நாங்கள் திரும்பி வந்ததில் அவனுக்குத்தான் இழப்பு. இப்போது நாவலூரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் வருகிறான். அம்மாவின் கால்களுக்காக எடுத்த முடிவில் மகனை வெளியே அனுப்பிவிட்டோம் என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

திரும்பி வந்தது எளிதாகவும் இல்லை. மூன்று வாரத்தில் பதினோரு வீடுகள் பார்த்தோம். அவற்றில் நான்கின் வாசலிலேயே ‘சைவம் மட்டும்’ என்று எழுதியிருந்தது. இரண்டு இடங்களில் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்டார்கள். ஒருவர் அதையே நாசூக்காக, ‘சொந்த ஊர் எது, குலதெய்வம் எது’ என்று சுற்றிவளைத்துக் கேட்டார். விருதுநகர்க்காரன் என்றதும் அவருடைய வீடு திடீரென்று வேறொருவருக்குப் பேசி முடிக்கப்பட்டதாகிவிட்டது. ‘எங்கள் பெயரைக் கேட்டே கதவைச் சாத்தினார்கள்’ என்று முன்பு என் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னபோது, மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தவன் நான். சொந்த வீட்டுக்காகப் புறநகருக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் விலைக்காகப் போகிறார்கள், எத்தனை பேர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப் போகிறார்கள் என்று எந்த வீடு–மனைப் பக்கமும் எழுதி நான் பார்த்ததில்லை.

முன்பணமும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற சிறு வாசல் வழியாகப் பத்து மாத முன்பணம் இன்றும் தாராளமாக உள்ளே வருகிறது. பேசிப் பேசி ஆறு மாதத்தில் முடித்தோம். இப்போது இருப்பது தரைத்தளத்தில் அறுநூறு சதுர அடி; பகலிலும் விளக்குப் போட வேண்டும், கொசுவலை இல்லாமல் உறங்க முடியாது, பீரோவைத் திறந்தால் கட்டிலில் ஏறித்தான் அந்தப் பக்கம் போக முடியும். ஊஞ்சலை ஊரப்பாக்கத்திலேயே விட்டுவிட்டோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தரைத்தளக்காரனுக்கு வரும் கவலை இந்த ஆண்டு எனக்கும் வரும்.

இனி என் கணக்கைச் சொல்கிறேன். மாம்பலம் வீட்டுக்கு இருபத்திரண்டாயிரம் வாடகை கொடுக்கிறேன். ஊரப்பாக்கம் வீட்டிலிருந்து பன்னிரண்டாயிரம் வருகிறது. ஆக, மாதம் பத்தாயிரம் கையைவிட்டுப் போகிறது. ஷேர் ஆட்டோ, தண்ணீர்க் கேன், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போன கால்டாக்சி, சனிக்கிழமைகளில் அலுப்பின் காரணமாக வெளியிலிருந்து வாங்கிய இட்லி ஆகியவற்றை ஓய்வுபெற்றபின் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவற்றில் இப்போது மிச்சமாவது மூவாயிரத்து ஐந்நூறு. மீதி ஆறாயிரத்து ஐந்நூறு. என் மனைவிக்குத் திரும்பக் கிடைத்திருக்கும் அறுபது மணி நேரத்தை அதற்கு ஈடாக வைத்தால், மணிக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். அந்த விலை அதிகமா குறைவா என்பதை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் மாலையில் ஏழு மணிக்கு வாசற்படியில் காபியோடு உட்கார்ந்துவிடுகிறார். பதில் ஒன்றும் சொல்லவில்லை.

விற்றுவிட்டு இங்கேயே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் குடியிருந்த வீடு கைமாறும்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. தரகும் பழுதுபார்ப்பும் தனி. வாங்குவதில் ஒருமுறை தவறினால், அதைத் திருத்திக்கொள்ளவே பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான், புறநகருக்குப் போக நினைக்கும் இளையவர்கள் என்னைக் கேட்டால், அந்தத் தெருவிலேயே முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஒரு கோடையையும் ஓர் ஐப்பசி–கார்த்திகையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன். வாங்கும் அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஊரப்பாக்கத்தில் இருந்தவரை, விருதுநகர் போகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெருங்களத்தூரில் நடுச்சாலையில் பெட்டியோடு நின்றுதான் பேருந்தைப் பிடித்தோம். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அடுத்த ஆறு மாதத்தில் நாங்கள் மாம்பலத்துக்கு வந்துவிட்டோம். இப்போது ஊருக்குப் போக வேண்டுமென்றால் கிளாம்பாக்கம் வரை போக வேண்டும். முனையத்தைத் திறந்தபோது அதற்கென்று ரயில் நிலையம் தயாராக இல்லை என்பதையும், மூட்டை முடிச்சுகளோடு ஊரப்பாக்கத்திலோ வண்டலூரிலோ இறங்கி நடந்தவர்களின் கூட்டத்தையும் எங்கள் பால்கனிக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பேருந்து முனையம் முதலில், ரயில் நிலையம் பிறகு. மனைப்பிரிவு முதலில், சாக்கடை பிறகு. நாங்கள் ஏழு ஆண்டுகள் வாழ்ந்ததும் இந்த வரிசையில்தான்.

எனவே ஒரு வேண்டுகோளை அரசுக்கும், இன்னொன்றைத் தங்களுக்கும் வைக்கிறேன். பதிவுத் துறை தெருவாரியாக வழிகாட்டி மதிப்பை நிர்ணயித்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடுகிறது. ஒரு தெருவின் நிலம் சதுர அடிக்கு எவ்வளவு பெறும் என்று சொல்ல முடிகிற அரசால், அதே தெருவில் 2015இலும் 2023இலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, குழாய்த் தண்ணீர் உண்டா, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துச் சொல்ல முடியாதா? இந்த விவரங்கள் உள்ளாட்சிகளிலும் குடிநீர் வாரியத்திலும் வருவாய்த் துறையிலும் ஆளுக்கொரு கோப்பில் கிடக்கின்றன. பத்திரம் பதிகிற நாளில் அரசு எங்களிடம் வாங்கும் ஒன்பது விழுக்காட்டுக்கு, அவற்றை ஒரே தாளில் தருவது பெரிய கைம்மாறு ஆகிவிடாது.

தங்கள் வீடு–மனைப் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியை எடுத்து, சதுர அடி விலையைக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அந்தக் கட்டத்தில் இன்னும் நான்கு வரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டுகிறேன்: அங்கே இரவு கடைசிப் பேருந்தோ ரயிலோ எத்தனை மணிக்கு, குடிநீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது. விவரம் சேகரிக்கச் செல்லும் தங்கள் செய்தியாளர் விற்பனை அலுவலகத்துக்குப் போவதற்கு முன் தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் போதும்.

இக்கடிதத்தை வெளியிடுவதாயின் என் பெயரையும் தெருவின் பெயரையும் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்காரரும் தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர். எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைப்பது இன்னும் அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.